பச்சைப் புள்ளி

இளைய மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்பா முந்திக்கொள்வார். "கம்ப்யூட்டர்ல. வீட்ல இருந்தே. பெரிய கம்பெனி" என்று மூன்று துண்டாகச் சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் பெருமை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

உண்மையில் அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. செருப்பு, சட்டை, தலையணை உறை என்று சகலத்தையும் இணையத்தில் விற்கிற கம்பெனி. திரையின் இடது பக்கம் ஒரு படம் வரும். வலது பக்கம் அதைப் பற்றி நாலு வரி வரும். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து 'சரி' அல்லது 'சரியில்லை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். படத்தில் நீலச் செருப்பு, எழுத்தில் பழுப்பு என்றால் சரியில்லை. அவ்வளவுதான். இதை இளையவள் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். மேற்பார்வைக்கு என்று ஒருவர் உண்டு. ஒரு வட்டம், அதற்குள் ஓர் எழுத்து, அதுதான் அவருடைய முகம். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

முதல் வருஷம் ஜாலியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் இடிபட வேண்டாம், மேலதிகாரி மூஞ்சியைப் பார்க்க வேண்டாம், கலைந்த தலையோடு உட்காரலாம். அக்காகூட வயிறெரிந்தாள். போகப் போகத்தான் தெரிந்தது, இடிப்பதற்கும் ஒரு ஆள் வேண்டும் என்று. தனியாக இருக்கிற நாற்பது வயசுப் பெண் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? செருப்போடு பேச ஆரம்பித்தாள். "நீ எதுக்கும்மா இவ்ளோ உயரமா இருக்க?" என்று குதிகால் செருப்பைக் கேட்பாள். அதுவாவது பரவாயில்லை. தனக்கு வேண்டாத சாமானை ஆர்டர் போட்டு, கூரியர்காரர் மணி அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, பிறகு அதே சாமானைத் திருப்பி அனுப்பி, அதை எடுக்க வருகிறபோது இன்னும் இரண்டு வார்த்தை பேசுவாள். ஒருநாள் அந்த மனிதர், "ஏம்மா, பிடிச்ச பொருளே உங்களுக்குக் கிடைக்காதா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆர்டர் போடுவதை நிறுத்தினாள். கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

இந்த வேலையில் படத்தைவிட முக்கியமானது ஒரு புள்ளி. திரையின் மேல் மூலையில் மிளகு அளவுக்கு இருக்கும். மவுஸ் அசைந்துகொண்டிருந்தால் புள்ளி பச்சை. நாலைந்து நிமிஷம் அசையாவிட்டால் மஞ்சள். கம்பெனிக்கு ஆள் இருக்கையில் இருக்கிறாளா என்று தெரிய வேண்டுமாம். மவுஸை எதிலாவது கட்டி ஆட்டலாம் என்றால் அதுவும் முடியாது, ஒரே மாதிரி ஆடினால் கண்டுபிடித்துவிடும். மனுஷக் கைதான் வேண்டும். மஞ்சள் வந்தால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒருமுறை மத்தியானம் மேஜைமேலேயே தூங்கிப்போய் ரொம்ப நேரம் மஞ்சளாகக் கிடந்தது. விழித்துப் பார்த்தால் வட்ட முகத்திடமிருந்து ஒரே ஒரு வரி: நலமா? கரண்ட் போய்விட்டது என்று எழுதினாள். சரி என்று பதில் வந்தது. அத்தோடு முடிந்தது. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கதையில் மறக்கக் கூடாத விஷயம் இதுதான்.

கடைவாய்ப் பல் வலி பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை அடுத்த தெருப் பல் டாக்டரிடம் போனாள். அங்கே முன்மேஜையில் இரண்டு பெண்கள். ஒருத்தி டோக்கன் கொடுத்துக்கொண்டே இன்னொருத்தியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். இளையவள் தன் முறைக்குக் காத்திருந்தபோது, ஊசிக்குப் பயந்து அழுத ஒரு குழந்தையிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார். பல்லைப் பார்த்து முடித்ததும், மேஜையில் இருக்கிற ஒருத்தி மாதக் கடைசியோடு போகிறாள், உங்களுக்குத் தெரிந்த யாராவது வருவார்களா என்று கேட்டார். வாய் மரத்துப்போயிருந்ததால் இளையவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, வியாழக்கிழமை காலை வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிடித்தால் பேசுவோம் என்றார்.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா வந்து இறங்கினார். அவர் தங்கியிருந்த அக்கா வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டுகிறார்கள், அது முடிகிறவரை உன்னிடம் இருக்கட்டும் என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். அப்பாவுக்குக் குளியலறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். முப்பது வருஷம் அடக்கி அடக்கி உட்கார்ந்ததோ, வயசோ, இப்போது அடக்க முடிவதில்லை. போதாததற்குக் காலையில் கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அதைப் போட்டால் அடிக்கடி போக வேண்டிவரும். இதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுந்து போவார், வருவார், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். இளையவளுக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறப்பதும் மூடுவதும் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

இரண்டு நாளும் அவர் அவள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். இவ்வளவு செருப்பையும் யார் வாங்குகிறார்கள் என்று ஒருமுறை கேட்டார். ஆபீஸ் ஆட்கள் யாரும் போன் பண்ண மாட்டார்களா என்று ஒருமுறை கேட்டார். இளையவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த வேலை இவ்வளவுதானா என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயம். இதை விட்டுவிட்டு டோக்கன் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும்? அதனால் வியாழக்கிழமை பற்றி மூச்சு விடவில்லை.

லீவு கேட்டால் எதற்கு என்று எழுத வேண்டும். எழுதப் பயந்துகொண்டு அவள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். வீட்டில்தான் ஒரு மனுஷக் கை சும்மா இருக்கிறதே. வியாழக்கிழமை காலை, பேங்க்வரை ஒரு அவசர வேலை, திரும்பி வருகிறவரை இந்த மவுஸை மட்டும் அசைத்துக்கொண்டிருக்க முடியுமா, வேறு எதையும் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் கேட்டாள்.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகள் தன்னிடம் உதவி கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. உடனே உள்ளே போய், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியின் உயரத்தைத் தனக்குத் தகுந்தபடி வைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மவுஸை கியர்போல உள்ளங்கையால் மூடிப் பிடித்தார். "டிக்கெட்டெல்லாம் போட்டாச்சா, கிளம்பலாமா?" என்று சிரித்தார்.

இளையவள் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவர் கேட்டார்.

"பாப்பா, நடுவுல எந்திரிக்கலாமா?"

அவர் எதற்குக் கேட்கிறார் என்று ஒரு கணம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அவள் நிற்கவில்லை. இந்த வேலையும் லேசுப்பட்டது இல்லை என்று அவருக்குக் காட்டிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம், அவ்வளவுதான் அவள் மண்டையில் ஓடியது.

"எந்திரிக்காதீங்கப்பா. மஞ்சளாச்சுன்னா வேலையே போயிடும். நான் அரை மணி நேரத்துல வந்துடுவேன்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

பல் டாக்டரிடம் அரை மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. முன்மேஜையில் அவளை உட்காரவைத்து, போகப்போகிறவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். "பெரிய வித்தை எல்லாம் இல்லக்கா. வர்றவங்க ரெண்டே கேள்விதான் கேப்பாங்க. வலிக்குமா? பாத்ரூம் எங்க? முதல் கேள்விக்கு டாக்டரம்மா பதில் சொல்லுவாங்க. ரெண்டாவதுதான் நம்ம டிபார்ட்மெண்ட்" என்றாள். அப்படித்தான் இருந்தது. வீங்கிய கன்னத்தோடு ஒரு தாத்தா, பல் கட்டப் புது மாப்பிள்ளை, பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா. வந்தவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கேட்டார்கள். "உள்ள நுழைஞ்சதும் இடது பக்கம்" என்று இளையவள் கையை நீட்டிக் காட்டினாள். தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தாள். ஒவ்வொருவரும் நன்றிம்மா என்று சொல்லிவிட்டுப் போகும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் இரண்டு பெண்களும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நீங்களும் உட்காருங்க என்று இழுத்து உட்காரவைத்தார்கள். அப்பா ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. இதோ ஐந்து நிமிஷம் என்று அவளே அதை உள்ளே தள்ளினாள். கூரியர்காரர் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அத்தனை நாள் அவமானமாக இருந்த அந்தக் கதை, நாலு பேர் முன்னால் சொன்னபோது வேடிக்கையாக மாறிவிட்டது. ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் 'அப்பா' என்று இருந்தது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மவுஸைப் பற்றி ஏதாவது கேட்பார், கதையை முடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். போன் கொஞ்ச நேரம் மேஜையைக் குடைந்துவிட்டு அடங்கிப்போனது. கதை முடிந்தது, இன்னொரு கதை வந்தது. திரும்பிக் கூப்பிட மறந்தே போனாள்.

நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டரம்மா அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காலில் சக்கரம் கட்டிய மாதிரி இருந்தது.

கதவைத் திறந்தாள். அப்பா அவள் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில், அதே நிமிர்வில், திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் வட்டமாக அசைந்துகொண்டிருந்தது. பச்சை எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் கீழே தரை முழுக்க ஈரம். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் மூடி இல்லாமல் தரையில் உருண்டு கிடந்தது.

"பச்சை அணையல பாப்பா" என்றார். குரல் சரியாக இல்லை. பிறகு, "தண்ணி குடிக்கலாம்னு எடுத்தேன். கை தவறிடுச்சு. எல்லாம் கொட்டிடுச்சு" என்றார்.

தண்ணீருக்கு அந்த வாடை கிடையாது. அப்பாவின் சாம்பல் நிற பேன்ட் இடுப்பிலிருந்து முழங்கால்வரை கறுத்து ஒட்டியிருந்தது. முழுக்கைச் சட்டையின் காலர் பட்டன்கூட அவிழாமல் இருந்தது. இளையவளுக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"பரவாயில்லப்பா. தண்ணிதானே. நான் துடைச்சுக்கறேன்."

"நீ துடைக்காத. நீ கொஞ்சம் சமையல்கட்டுல இரு."

அவள் சமையலறையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். நாற்காலி நகர்கிற சத்தம், குளியலறைக் கதவு, குழாய், வாளி, துணி அலசுகிற சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டன. பிறகு தரையைத் துடைக்கிற சத்தம். முட்டி வலிக்கிற மனுஷர் குந்தி உட்கார்ந்து துடைக்கிறார் என்று தெரிந்தது. போய்த் தடுத்தால் தண்ணீர் இல்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். போகாமல் நின்றாள். தன்னைவிடக் கேடுகெட்ட பிறவி இருக்க முடியாது என்று தோன்றியது. இந்நேரம் நாலு பேருக்கு வாய் நிறைய வழி காட்டிவிட்டு வந்திருக்கிறாளே, இடது பக்கம் இடது பக்கம் என்று.

சாயங்காலம் அப்பா பழையபடி ஆகிவிட்டார், அல்லது ஆகிவிட்டதுபோல் காட்டிக்கொண்டார். அக்காவுக்குப் போன் போட்டு, இன்றைக்குப் பாப்பாவின் ஆபீஸை நான்தான் கவனித்துக்கொண்டேன், கொஞ்சம் அசந்திருந்தால் வேலை போயிருக்கும், விடவில்லை என்று சொன்னார். தண்ணீர் கொட்டிய கதையை அவளிடமும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இளையவள் கூனிக்குறுகிப் போனாள்.

இனி இந்த வேலையை எந்த முகத்தோடு விடுவது? அவர் தன் மானத்தைக் கொடுத்துக் காப்பாற்றிய வேலை. நாளைக்கே விட்டுவிட்டேன் என்றால், நான் எதற்கு உட்கார்ந்தேன் என்று கேட்க மாட்டாரா? பல் டாக்டருக்கு வரவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான், இதுதான் எனக்குத் தண்டனை என்று அவள் மனசுக்குள் முடிவுகட்டிவிட்டாள். முடிவுகட்டியபோது ஒரு நிம்மதிகூட வந்தது. தண்டனை கிடைத்துவிட்டால் வாயைத் திறந்து எதையும் சொல்ல வேண்டாம் அல்லவா?

கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது திரையில் ஒரு செய்தி வந்திருந்தது. இன்று உங்கள் இருப்பு இடைவெளியே இல்லாமல் பதிவாகியுள்ளது, பாராட்டுகள் என்று எழுதி, கூடவே கைதட்டுகிற படம் ஒன்று. அன்று காலை முதல் ஒரு செருப்பைக்கூட யாரும் சரி என்றோ சரியில்லை என்றோ சொல்லியிருக்கவில்லை. அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதுவும் அவளுடையது இல்லை.

அந்தக் கைதட்டலைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. விறுவிறுவென்று அப்பாவிடம் போய் எதிரில் உட்கார்ந்தாள். பேங்குக்குப் போகவில்லை, பல் டாக்டரிடம் வேறு வேலை கேட்கப் போயிருந்தேன் என்றாள். அங்கே சாப்பிட்டேன், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன், அதனால்தான் நேரமாகிவிட்டது என்றாள். நீங்கள் கூப்பிட்டதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை என்றாள். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது.

"மஞ்சளாச்சுன்னா வேலை போகாதுப்பா. ஒண்ணுமே ஆகாது. சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

அப்பா தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்போ நான் எந்திரிச்சிருக்கலாமா?"

"எந்திரிச்சிருக்கலாம்பா."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்று உள்ளிருந்தே பதில் வந்தது. திட்டியிருந்தால் தேவலை, இரண்டு அறை கொடுத்திருந்தால் இன்னும் தேவலை. இளையவளும் சாப்பிடவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குப் பெருமையாவது மிஞ்சியிருக்கும், அதையும் பிடுங்கிக்கொண்டோமே என்று அழுதாள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தலையணை உறை வந்தது. பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். நேற்றைய சட்டையை அலசிப் போட்டுவிட்டதால் இன்னொரு சட்டை, அதுவும் இஸ்திரி போட்டது. முகத்தில் சிரிப்பு இல்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

"எனக்கும் ஒரு பல்லு ரொம்ப நாளா ஆடுது" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே. "நீ போற இடத்துல காட்டணும். எப்போ போற?"

இளையவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இன்றைக்குத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றாள்.

"அப்போ வா. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுச் சாவியைத் தேடி எடுத்து, அப்பாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மூலையில் புள்ளி மஞ்சளாகிவிட்டிருந்தது. அப்பா அதைத் திரும்பிப் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

வாசலைத் தாண்டியவர் படியில் நின்றார். அவள் பக்கம் திரும்பவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"பாப்பா, அங்க பாத்ரூம் எங்க இருக்குன்னு இப்பவே சொல்லிடு."

நேற்று அத்தனை பேருக்கு அத்தனை சுலபமாக வந்த பதில். இப்போது அதைச் சொல்வதற்கு அவள் இரண்டு முறை எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

"உள்ள நுழைஞ்சதும் இடது பக்கம்பா" என்றாள்.